ஓடு_03

கீரி பாய்கிறது.
முதல் படத்தில் முன்னங்கால் தூக்கி,
இரண்டில் முதுகு வளைத்து,
மூன்றில்
கூரை ஓடாகிவிடுகிறது.
நான்கில் மறுபடி கீரி,
ஒன்றும் நடவாதது போல.

தேவகோட்டையிலிருந்து ஜெரால்டு எழுதினான்:
"நல்லாத்தான் ஓடுது. நடுவுல ஒரு செங்கல் மாதிரி என்னமோ."
அவன் போன் ஆறாயிரம் ரூபாய், திரையில் கீறல்.
முதலில் அந்தக் கீறலைத்தான் குற்றம் சொன்னேன்.

பிறகு காரைக்குடி செக்காலை ரோட்டில்,
கவரிங் கடைக்கு மேல்,
கம்பெனி என்று நாங்கள் சொல்லிக்கொள்ளும் அறையில்,
இரவு பதினொன்றரைக்கு,
கீரியை நடுப்பாய்ச்சலில் நிறுத்திக் கேட்டேன்:
உன் கோப்பின் பெயர் என்ன?

அதற்குத் தெரியவில்லை.
அகலம் சொன்னது, நூற்று இருபத்தெட்டு.
உயரம் சொன்னது.
எந்தப் புள்ளியில் என்ன நிறம் என்று
விடியும்வரை ஒப்பித்திருக்கும், கேட்டிருந்தால்.
பெயர் மட்டும் இல்லை.
படம் நினைவகத்துக்குள் இறங்கியதும்
வாசலில் கழற்றிய செருப்பு மாதிரி
பெயர் வெளியே கிடக்கிறது.
யாராவது எடுத்து வைத்தால் உண்டு.
எடுத்து வைக்க வேண்டியவன் நான்.

பள்ளத்தூரில் உமையாள் ஒழுங்கானவள்.
கீரிக்கு ஓர் அடுக்கு, கூரைக்கு ஓர் அடுக்கு.
கீரி அடுக்கில் ஓடு_01 முதல் ஓடு_08 வரை.
கூரை அடுக்கில் ஒரே ஒரு ஓடு_03.
முதல் இரண்டையும் சிவப்பு சரியில்லையென்று அழித்துவிட்டாளாம்.
எதிர்வீட்டுக் கூரையை ஜன்னல் வழியே பார்த்துப் பார்த்து
மூன்றாவதில்தான் அந்தப் பாசி நிறம் கிடைத்ததாம்.
நான்தான் இரண்டு அடுக்கையும்
ஒரே விரிப்பில் கவிழ்த்தேன்,
இடம் மிச்சம், வேகம் கூடும் என்று.
ஒரே பேரில் இருவர் வந்தால்
பின்னால் வந்தவருக்கே நாற்காலி.

ஓடு, விரட்டினால் வினை.
ஓடு, மழையில் ஒழுகினால் பெயர்.
கணினிக்கு இரண்டும் ஒரே ஆள்.
மூன்றாம் கட்டத்தில் ஆமை வேறு வருகிறது.
அதன் முதுகுக்கு அவள் என்ன பெயர் வைப்பாள் என்று
நினைத்ததும் தூக்கம் போனது.

காலையில் கூரியர்காரர் மூச்சு வாங்க மேலே வந்தார்.
"நாச்சியப்பன் யாருங்க?"
கீழே கடைக்காரர் நாச்சியப்பன்.
கட்டடத்துக்குச் சொந்தக்காரர் நாச்சியப்பன்.
அவர் பேரன், எங்கள் கணக்கைப் பார்க்கிறவன், அவனும்.
"விலாசம் என்ன போட்டிருக்கு?"
"மெ.அரு."
"அப்ப கடைக்காரர்தான்."
இறங்கிப் போய்விட்டார்.
இரண்டு புள்ளிக்குள் முடிந்துவிட்டது.

அன்று முழுக்க விலாசம் எழுதினேன்.
கீரி.வினை.ஓடு_03
கூரை.பெயர்.ஓடு_03
ஏற்றும் படம் ஒவ்வொன்றுக்கும் பேரேட்டில் ஒரு வரி,
எங்கிருந்து வந்தது, யாரிடம் இருக்கிறது என்று.
மொத்தம் நூற்று நாற்பத்தேழு.
நடுவில் கரண்ட் போய்
இருபதைத் திரும்ப எழுதினேன்.
பூனை_சரி என்று ஒன்று,
பூனை_சரி_புதுசு என்று ஒன்று,
பூனை_இதுதான்.
எங்கள் ஆட்டத்தில் பூனையே கிடையாது.

மாலையில் ஜெரால்டு:
"இப்ப சரியா ஓடுது.
ஆனா அந்த ஓடாகிற வித்தைதான்
என் தம்பிக்குப் பிடிச்சிருந்தது. எடுத்துட்டீங்களா?"
பதில் எழுதவில்லை.
அழித்த வரியை மட்டும்
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பது மணிக்கு உமையாள்:
"அடுத்த கட்டத்துக்கு ஒரு ஆடு வரைஞ்சு அனுப்பியிருக்கேன்.
கொம்பு நல்லா வந்திருக்கு, பாருங்க."

முகப்பில் ஒரு பச்சைப் பொத்தான் இருக்கிறது.
தொட்டால் ஆட்டம் தொடங்கும்.
அதன் மேல் எழுதியிருப்பது ஒரே சொல்.

பேரேட்டைத் திறக்கிறேன்.